ஜெபத்துல உட்கார்ந்தாலே போராட்டமா இருக்கு, எல்லாமே பிசாசோட வேலையா? எப்படி எதிர்த்து நிக்கிறது?

காத்திருக்கிறவள் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த கேள்வியை யார்கிட்ட கேக்கிறதுன்னே தெரியாம ரொம்ப நாளா மனசுலயே வச்சிருந்தேன். இங்க வேதம் நல்லா தெரிஞ்சவங்க இருக்கீங்க, அதனால கேக்கிறேன், கொஞ்சம் பெருசா இருக்கும் பொறுத்துக்கோங்க.

நான் இப்ப கொஞ்ச காலமா தான் உண்மையா வேதம் வாசிச்சு ஜெபிக்க ஆரம்பிச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி பேருக்கு கிறிஸ்தவள், அவ்ளோதான். ஆரம்பிச்சதுல இருந்து ஒரே போராட்டம். முழங்கால் போட்டு கண்ணை மூடினா போதும், எங்கிருந்து தான் வருதோ, அசிங்கமான நினைப்பு வருது, ஆண்டவரையே திட்டுற மாதிரி வார்த்தை மனசுக்குள்ள ஓடுது. அதை நான் நினைக்கல, அதுவா வருது. பயந்துபோய் "இயேசுவின் நாமத்தில் அப்பாலே போ சாத்தானே"ன்னு சொல்றேன், ஒரு நிமிஷம் அடங்குது, மறுபடி வருது, மறுபடி சொல்றேன், இப்படியே நடுராத்திரி தாண்டிடுது. தூக்கமே போச்சு.

எங்க ஜெபக்குழுவுல ஒரு அக்காகிட்ட சொன்னேன். அவங்க இது பொல்லாத ஆவியோட தாக்குதல், உன் வாழ்க்கைல ஏதோ ஒரு கதவு திறந்திருக்கு, இன்னும் சத்தமா அந்த ஆவியைக் கட்டுறேன்னு கட்டளையிட்டு ஜெபிக்கணும், தானியேல் மாதிரி 21 நாள் உபவாசம் எடு, அப்ப தான் உடையும்னு சொன்னாங்க. அவங்க நல்லவங்க தான், எனக்காக அழுது ஜெபிக்கிறவங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அவங்க பேச்சுல எல்லாத்துக்கும் ஒரு ஆவி இருக்கு. தலைவலின்னா வியாதியின் ஆவி, சோர்வுன்னா சோர்வின் ஆவி. எனக்கும் எங்க அண்ணிக்கும் கொஞ்ச நாளா பேச்சு சரியில்ல, அதுக்கும் "அவங்க மூலமா தான் சாத்தான் உன் வீட்டுக்குள்ள வர்றான்"னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்டதுல இருந்து அண்ணி ரூமுக்குள்ள வந்தாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது.

என் கேள்வி இது தான். இதெல்லாம் உண்மையிலேயே ஆவிக்குரிய யுத்தமா? அப்படின்னா நான் தோத்துட்டு இருக்கேனா? எதிர்த்து நில்லுங்கள்னு வேதம் சொல்றது இப்படி ராத்திரி பூரா பிசாசு கூட பேசிட்டு இருக்கிறதை தானா?


கேடகம் எழுதியது:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீ தோத்துட்டு இல்ல. ஆண்டவரைத் திட்டுற வார்த்தை மனசுல வந்ததும் உனக்கு வேதனையா இருக்குல்ல, அந்த வேதனையே உன் இருதயம் எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லிடுது.

யுத்தம் உண்மையான்னு கேட்டா உண்மை தான். எபேசியர் 6:12 ரொம்ப தெளிவா மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல, துரைத்தனங்களோடும் அதிகாரங்களோடும் பொல்லாத ஆவிகளின் சேனைகளோடும் நமக்குப் போராட்டம் உண்டுன்னு சொல்லுது. அதை நான் ஒரு உவமையா மட்டும் எடுத்துக்க மாட்டேன். ஆனா அந்த வசனத்தோட முதல் பாதியை நம்ம சபைகள்ல வேகமா வாசிச்சிட்டுப் போயிடறோம். மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல. அப்படின்னா உன் அண்ணி எதிரி இல்ல. மனுஷனா இருக்கிற யாரும் உன் எதிரி இல்ல. ஒரு மனுஷியைப் பார்த்து பயப்பட வைக்கிற போதனை, அதை யார் சொன்னாலும், இந்த வசனத்துக்கு நேர் எதிர் திசைல போகுது. இதை நான் கொஞ்சம் கோபமாவே சொல்றேன், ஏன்னா இப்படி சொல்லி எத்தனையோ குடும்பங்கள் பேச்சே இல்லாம உடைஞ்சு கிடக்கிறதை பாத்திருக்கேன்.

இப்ப எபேசு பட்டணத்தை கொஞ்சம் யோசிச்சுப் பாரு. மந்திரம், மாயவித்தை எல்லாம் புழங்குன ஊர் அது. அப்போஸ்தலர் 19-ல அங்க விசுவாசத்துக்கு வந்தவங்க தங்களோட மாயவித்தை புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னாடியும் எரிக்கிறாங்க, கணக்கு பாத்தா 50,000 வெள்ளிக்காசு பெறுமாம். அதே அதிகாரத்துல தான் ஸ்கேவாவோட ஏழு குமாரர் கதையும் வருது. பொல்லாத ஆவி பிடிச்ச ஒருத்தன்கிட்ட, பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பேர்ல ஆணையிடறோம்னு ஒரு ஃபார்முலா மாதிரி சொல்றாங்க. அந்த ஆவி என்ன சொல்லுச்சு? இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்? கடைசில அடி வாங்கி, துணி கூட இல்லாம அந்த வீட்டை விட்டு ஓடினாங்க.

இப்படிப்பட்ட ஊர்ல இருக்கிற சபைக்கு பவுல் என்ன எழுதியிருக்கணும்னு நாம எதிர்பார்ப்போம்? எந்த ஆவியை எந்த வார்த்தை சொல்லி கட்டணும், எத்தனை தடவை சொல்லணும், இப்படி ஏதாவது தானே. ஒண்ணு கூட இல்ல. சத்தியம் என்னும் கச்சை, நீதியென்னும் மார்க்கவசம், சமாதான சுவிசேஷத்தின் ஆயத்தம் பாதரட்சை, விசுவாசம் கேடகம், இரட்சணியம் தலைச்சீரா, தேவவசனம் பட்டயம், அதுக்கப்புறம் எல்லா பரிசுத்தவான்களுக்காகவும் விண்ணப்பம். அதாவது பொய் பேசாம இருக்கிறது ஆயுதம். நேர்மையா நடக்கிறது ஆயுதம். சமாதானத்தோட போய் ஒருத்தர் முன்னாடி நிக்கிறது ஆயுதம். இதை எழுதும்போது அவரே சங்கிலியில கட்டுண்டிருக்கார், 6:20-ல அவரே சொல்றார், ஆனா அந்த சங்கிலியை உடைக்க ஜெபிங்கன்னு கேக்கல, தைரியமா சுவிசேஷம் சொல்ல ஜெபிங்கன்னு தான் கேக்கிறார்.

இன்னொண்ணு, இந்த ஆயுதமெல்லாம் நாமளா செஞ்சு போட்டுக்கறது இல்ல. ஏசாயா 59:17 எடுத்துப் பாரு, நீதியை மார்க்கவசமா போட்டு, இரட்சிப்பென்னும் சீராவை தலைல வச்சுக்கிட்டு வர்றவர் கர்த்தர் தான். அவர் போட்டிருந்ததை தான் நமக்கு எடுத்து மாட்டி விடறார். அதனால நீ சத்தம் போடுற அளவுக்கு ஏத்த மாதிரி தான் பாதுகாப்பு கிடைக்கும்னு நினைச்சு பயப்படாதே.

யாக்கோபு 4:7 எல்லாருக்கும் மனப்பாடம், பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள் அப்பொழுது அவன் ஓடிப்போவான்னு. அதுக்கு முன்னாடி இருக்கிற வரி தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள். அந்த வரி இல்லாம பின்னாடி வர்ற வரி வேலை செய்யாது.


ராத்திரி_டியூட்டி எழுதியது:

சிஸ்டர் நான் மனநல வார்டுல வேலை பாக்கிற ஒரு விசுவாசி. கேடகம் அண்ணன் சொன்னதுக்கெல்லாம் ஆமென். நான் வேற ஒரு பக்கத்தை மட்டும் சொல்றேன்.

நீங்க சொல்ற மாதிரி, விரும்பாத நினைப்பு திரும்பத் திரும்ப வர்றது, அதை ஒரு வார்த்தை சொல்லி விரட்டுறது, கொஞ்சம் அடங்கி மறுபடி வர்றது, மறுபடி விரட்டுறது, இந்த சுத்து எங்களுக்கு ரொம்ப பழக்கமானது. பக்தியா வாழணும்னு உண்மையா ஆசைப்படுறவங்களுக்கு தான் இது அதிகமா தெய்வ தூஷணமான நினைப்பா வரும், ஏன்னா மனசு எதை ரொம்ப மதிக்குதோ அதை சுத்தி தான் பயமும் கட்டிக்கும். விரட்ட விரட்ட அது பலமாகும். தூக்கம் கெட்டா இன்னும் மோசமாகும். இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு, பேச்சு சிகிச்சையும் இருக்கு தேவைன்னா மருந்தும் இருக்கு. நேர்ல பாக்காம இது தான்னு நான் சொல்லிட முடியாது, அதனால ஒரு மனநல டாக்டரை பாருங்க. டாக்டர்கிட்ட போறது விசுவாசக்குறைவு இல்ல.

நீங்க தனி ஆள் இல்லன்னு தெரிஞ்சுக்கணும், அதுக்காக இங்கிலாந்துல பிரசங்கியாரா இருந்த ஜான் பனியனைப் பத்தி சொல்றேன். 1666-ல ஜெயில்ல இருக்கும்போது வெளியிட்ட தன் சொந்த சாட்சியில அவர் இதை எழுதியிருக்கார். கிறிஸ்துவை வித்துடு, வித்துடுன்னு ஒரு நினைப்பு அவரை விடாம துரத்துச்சு. சாப்பிட உட்கார்ந்தா வரும், கீழ கிடக்கிற ஒரு குண்டூசியை எடுக்க குனிஞ்சா வரும், ஒரு குச்சி வெட்டினா வரும், இதுக்காக வித்துடு, அதுக்காக வித்துடுன்னு. மாட்டேன் மாட்டேன்னு பதில் சொல்லி சொல்லியே ஓய்ஞ்சு போனார். அப்படி தவிச்ச மனுஷனை ஆண்டவர் கைவிடல, அதுக்கப்புறம் எவ்வளவு பேருக்கு அவர் எழுத்து ஆறுதலா இருந்துச்சுன்னு நமக்கு தெரியும்.

வேதமே வியாதியையும் பிசாசையும் ஒண்ணா குழப்பல சிஸ்டர். மத்தேயு 4:24 பாருங்க, பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு நோய்க்காரர்), திமிர்வாதக்காரர்னு தனித்தனியா சொல்லுது, எல்லாரையும் இயேசு சொஸ்தமாக்கினார். எலியா சூரைச்செடிக்கு கீழ படுத்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"னு சொன்னப்போ தேவதூதன் சோர்வின் ஆவியைக் கடிந்துக்கல. தட்டி எழுப்பி, தழல்ல சுட்ட அடையையும் தண்ணியையும் குடுத்து, மறுபடி தூங்க விட்டு, மறுபடி எழுப்பி சாப்பிட சொன்னான். அதுக்கப்புறம் தான் ஓரேப் மலைக்குப் பயணம். இந்த நிலைமைல நீங்க 21 நாள் உபவாசம் எடுக்காதீங்க ப்ளீஸ். தூங்குங்க.


அக்கினி_ஜுவாலை எழுதியது:

ப்ரைஸ் தி லார்டு. எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க ஆனா எனக்கு ஒரு பாரம் இருக்கு அதை சொல்லாம போக முடியாது. இப்படியே பேசிப் பேசி கடைசில பிசாசே இல்லைங்கிற இடத்துக்குப் போயிடக்கூடாது. மாற்கு 5-ல கல்லறைகள்ல குடியிருந்த மனுஷன், சங்கிலியை முறிச்சவன், கல்லால தன்னையே கீறிக்கிட்டவன், அவனுக்கு இயேசு ஆறுதல் வார்த்தை சொல்லல, ஆவியை வெளியே போன்னு கட்டளையிட்டார். கொஞ்ச நேரத்துல அதே ஆள் வஸ்திரம் தரிச்சு புத்தி தெளிஞ்சு உட்கார்ந்திருக்கான். இன்னைக்கும் விடுதலை உண்டு, நான் கண்ணால பாத்திருக்கேன், அந்த நாமத்துக்கு இன்னைக்கும் வல்லமை இருக்கு.

ஆனா சிஸ்டர், விடுதலை ஊழியத்துல இருக்கிறவனாவே சொல்றேன், அந்த அக்கா சொன்ன முறை சரியில்ல. பிலிப்பி பட்டணத்துல குறிசொல்ற ஆவி இருந்த ஒரு பொண்ணு பவுல் பின்னாடியே வந்து கத்திக்கிட்டு இருந்தா, அப்போஸ்தலர் 16. அநேக நாள் அப்படி செஞ்சான்னு எழுதியிருக்கு. அத்தனை நாளும் பவுல் அவளைத் தேடிப்போய் சண்டை போடல. கடைசில ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்து ஒரே ஒரு வரி சொன்னார், அந்த நேரமே முடிஞ்சுது. மணிக்கணக்கா கத்தினதா வேதத்துல எங்கயும் இல்ல. எங்க மூத்த போதகர் ஒருத்தர் எங்களுக்கு சொல்லிக் குடுத்தது, பிசாசைத் தேடிட்டுப் போகாதே, இயேசுவைத் தேடு, வழில அவன் குறுக்க வந்தா அவர் பாத்துப்பார்.

லூக்கா 10-ல எழுபது பேர் பிசாசுகள் கீழ்ப்படியுதுன்னு சந்தோஷமா திரும்பி வந்தப்போ ஆண்டவர் அதுக்காக சந்தோஷப்படாதீங்க, உங்க நாமம் பரலோகத்துல எழுதியிருக்கிறதுக்காக சந்தோஷப்படுங்கன்னு சொன்னார். உங்க நாமம் எழுதியிருக்கு சிஸ்டர், உங்களுக்குள்ள இருக்கிறவர் பெரியவர், 1 யோவான் 4:4. பயத்தை விடுங்க. டாக்டரையும் பாருங்க, நான் தடுக்க மாட்டேன்.


மெழுகுவர்த்தி எழுதியது:

நான் கத்தோலிக்கப் பெண், இங்க பதில் சொல்லலாமான்னு யோசிச்சேன், ஆனா உங்க வலி எனக்கு தெரிஞ்ச வலி மாதிரி இருந்ததால எழுதறேன்.

எங்க திருச்சபைல பேய் ஓட்டுற சடங்கை யார் வேணா செய்ய முடியாது, அந்தந்த மறைமாவட்ட ஆயரோட தனி அனுமதி இருக்கிற குருவானவர் தான் செய்யலாம், திருச்சபைச் சட்டம் 1172-ல இருக்கு. அதுக்கு முன்னாடி இது நோய் இல்லங்கிறதை உறுதி பண்ணிக்கணும்னு மறைக்கல்வி ஏட்டுலயே சொல்லியிருக்கு. அவ்வளவு ஜாக்கிரதையா இருக்க காரணம் நம்பிக்கை இல்லாததால இல்ல, துன்பத்துல இருக்கிற மனுஷரை இன்னும் காயப்படுத்திடக் கூடாதுன்னு தான்.

ஆனா சாதாரணமா ஒவ்வொரு விசுவாசியும் செய்ற எதிர்ப்பு ஒண்ணு இருக்கு. ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி நடக்கிற பாஸ்கா திருவிழிப்புல மெழுகுதிரியைக் கையில பிடிச்சு நின்னு திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிக்கும்போது சாத்தானை விட்டுவிடுகிறீர்களான்னு குரு கேப்பார், விட்டுவிடுகிறோம்னு சொல்லுவோம். அவனை விட்டுவிடுறதைப் பத்தின சில கேள்விகள் முடிஞ்ச உடனே கடவுளை நம்புகிறீர்களான்னு வந்துடும். அவன்கிட்ட பேச நின்னுட்டு இருக்கிறதே இல்ல, ஒரு தடவை விட்டாச்சு, உடனே முகம் தந்தை பக்கம் திரும்பிடுது. எனக்கு அது ரொம்ப உதவியிருக்கு.

இயேசு சபையை நிறுவின புனித இஞ்ஞாசியார் சொன்ன ரெண்டு விஷயம் உங்களுக்கு உதவும்னு நினைக்கிறேன். ஒண்ணு, மனசு வறண்டு இருண்டு கிடக்கிற நேரத்துல, முன்னாடி தெளிவா இருந்தப்போ எடுத்த தீர்மானத்தை மாத்தாதே. நீங்க ஜெபிக்கணும்னு எடுத்த தீர்மானம் அப்படிப்பட்டது, அதுல நில்லுங்க, நேரத்தைக் குறைச்சுக்கலாம், விட்டுடாதீங்க. ரெண்டாவது, தீயவன் ரகசியத்தை விரும்புறவன். மனசுல ஓடுறதை நல்ல ஒரு ஆன்ம வழிகாட்டிகிட்ட வெளிப்படையா சொல்லிட்டா அவன் தந்திரம் அங்கயே பலம் இழந்துடும்னு சொல்றார். நீங்க இங்க வந்து எழுதினதே அந்த வேலையை ஆரம்பிச்சாச்சு. ஆனா முகம் தெரியாத எங்களோட நிறுத்திடாதீங்க, நேர்ல நம்பிக்கையான ஒருத்தர், முக்கியமா நிதானமானவர், அவங்ககிட்டயும் சொல்லுங்க.


காத்திருக்கிறவள் எழுதியது:

எல்லாருடைய பதிலையும் திரும்பத் திரும்ப வாசிச்சேன், சில இடத்துல அழுதுட்டேன். ஜான் பனியனைப் பத்தி எனக்கு தெரியவே தெரியாது. டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், அவரும் சரின்னுட்டார்.

ரெண்டு சந்தேகம் இருக்கு. அந்த நினைப்பு வரும்போது அந்த நிமிஷம் என்ன செய்யணும்? பிசாசை நேரா பாத்து பேசுறதே தப்பா? அப்புறம் தானியேல் 21 நாள் ஜெபிச்சதால தானே வானமண்டலத்துல தடை உடைஞ்சுதுன்னு அந்த அக்கா கேக்கிறாங்க, எனக்கு பதில் தெரியல.


கேடகம் எழுதியது:

அப்பாயின்ட்மென்ட் விஷயம் கேட்டு ரொம்ப சந்தோஷம்மா.

நேரா பேசுறது பாவம்னு சொல்ல மாட்டேன், ஆண்டவரே வனாந்தரத்துல "அப்பாலே போ சாத்தானே"ன்னு சொன்னார். ஆனா அவர் எப்படி சொன்னார்னு மத்தேயு 4-ல பாரு. நாப்பது நாள் பசி, எதிர்ல நிக்கிறவன் தந்திரக்காரன், மூணு தடவையும் எழுதியிருக்கிறதேன்னு உபாகமத்துல இருந்து ஒரு வசனம், அவ்வளவு தான் பதில். வாக்குவாதம் இல்ல, சத்தம் இல்ல. அவன் 91-ம் சங்கீதத்தையே எடுத்து வசனம் பேசினான், அப்பவும் அவன்கூட நீளமா தர்க்கம் பண்ணல. இத்தனைக்கும் லூக்கா சிலகாலம் அவரை விட்டு விலகிப்போனான்னு தான் எழுதறார். அப்போ மறுபடி வருவான், அதுக்காக முதல் தடவை தோத்துட்டோம்னு அர்த்தம் இல்ல. யூதா 9-ல பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசைத் தூஷிக்கத் துணியாம, கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராகன்னு மட்டும் சொன்னான். அவனுக்கே அது போதும்னா உனக்கும் எனக்கும் போதும்.

அதனால நினைப்பு வந்தா, வந்துட்டு போகட்டும்னு விடு. அதுக்கு ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லாதே, விட்ட இடத்துல இருந்து ஜெபத்தை தொடரு. சகரியா 3-ம் அதிகாரத்தை ஒரு தடவை மெதுவா வாசி. பிரதான ஆசாரியன் யோசுவா அழுக்கு வஸ்திரத்தோட நிக்கிறான், சாத்தான் பக்கத்துல நின்னு குற்றம் சாட்டறான், யோசுவா வாயே திறக்கல. பேசினவர் கர்த்தர். கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராகன்னு சாத்தானைப் பாத்து சொல்லிட்டு, யோசுவாவோட அழுக்கு வஸ்திரத்தைக் களைஞ்சு போட்டு வேற வஸ்திரம் உடுத்த சொன்னார். உனக்காகவும் பேசுறவர் இருக்கார். பேதுருகிட்ட ஆண்டவர் சொன்னாரே, சாத்தான் உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டான், நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்னு. பேதுரு பிசாசைக் கட்டினதால இல்ல, அவர் வேண்டிக்கிட்டதால தான் அவன் விசுவாசம் நின்னுச்சு.

தானியேலுக்கு வரேன். 10-ம் அதிகாரத்தை முழுசா வாசிச்சா, அவர் மூணு வாரம் துக்கத்தோட உபவாசம் இருந்தது உண்மை தான். பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் எதிர்த்து நின்னதும் உண்மை. ஆனா அப்படி ஒரு யுத்தம் நடக்குதுன்னே தூதன் வந்து சொல்ற வரைக்கும் தானியேலுக்கு தெரியாது. அவர் அந்த அதிபதியைப் பாத்து ஒரு வார்த்தை பேசல, கட்டல. தன் ஜனத்துக்காக தேவன் முன்னாடி தன்னைத் தாழ்த்தினார், அவ்வளவு தான். அவர் வேண்டிக்க ஆரம்பிச்ச முதல் நாளே அவர் வார்த்தைகள் கேக்கப்பட்டதுன்னு 12-ம் வசனத்துல தூதன் சொல்றான். முதல் நாளே! அந்த அக்காகிட்ட சண்டை போடாம அன்பா இந்த வசனத்தைக் காட்டு.

பிசாசுக்கு இடம் கொடுக்கிறதைப் பத்தி வேதம் நேரா பேசுற இடம் எபேசியர் 4:26, 27. அங்க சொல்லியிருக்கிறது சூரியன் அஸ்தமிக்கிறதுக்கு முன்னாடி எரிச்சல் தணியணும்ங்கிறது தான். 2 கொரிந்தியர் 2:11-ல அவனுடைய தந்திரங்கள் நமக்குத் தெரியாதவைகள் அல்லன்னு பவுல் சொல்றதும் ஒருத்தரை மன்னிக்கிறதைப் பத்தி பேசும்போது தான். அந்த அக்கா சொன்ன திறந்த கதவை நீ தேடணும்னா இங்க தேடு. உன் அண்ணிகிட்ட போய் ஆவி, யுத்தம் எதுவும் பேசாதே, நல்லா இருக்கீங்களா அண்ணின்னு கேளு. அவங்க உடனே முகம் குடுப்பாங்கன்னு நான் வாக்கு சொல்ல முடியாது, ரோமர் 12:18 கூட கூடுமானால் உங்களாலான மட்டும்னு தான் சொல்லுது. நாளைக்கு நானும் என் மனைவியும் உங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபிக்கிறோம், பேசின பிறகு எப்படி இருந்துச்சுன்னு இங்க எழுது.